தோற்ற ராஜாவைத் தூக்கில் போடுவதா, நாடு கடத்துவதா?

மொகல்தெருப் பையன் (யாங்கோன்)

சென்னையிலிருந்து வந்த சித்தியைச் சனிக்கிழமை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். காலையில் மொஹிங்கா (மீன் சாற்று நூடுல்ஸ்), அப்புறம் ஸ்வேடகான் பகோடா, வெயில் ஏறியதும் ஜிவகா தெருவில் இருக்கும், கடைசி முகலாயப் பாதுஷா பகதூர் ஷா ஜஃபரின் தர்கா. மேலே இருக்கும் மூன்று சமாதிகளைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடக் கிளம்பிவிட்டார். "இருங்க சித்தி, அசல் கீழேதான் இருக்கு" என்று நிலவறைக்கு அழைத்துப் போனேன்.

படியிறங்கும்போதே சில்லென்று இருந்தது. சமாதிமேல் பட்டுப் போர்வை, அதன்மேல் ரோஜா இதழ்கள். ஒரு பர்மியப் பெண்மணி கைக்குழந்தையின் நெற்றியை அந்தப் போர்வையில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் கேட்டார்: "இவர் என்ன தப்புப் பண்ணினார்னு இவ்வளவு தூரம் கொண்டுவந்து போட்டாங்க?" 1857 சுதந்திரப் போர் என்றேன். "அது பாடப் புத்தகத்துல இருக்கு. கோர்ட்ல என்ன சொன்னாங்க? தோத்த ராஜாவைக் கொன்னுதானே போடுவாங்க, இவரை ஏன் விட்டு வச்சாங்க?"

பதில் தெரியாமல் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். இந்தக் குழுவில் வாத்தியார் இருக்கும்போது எனக்கென்ன கவலை?

தட்டோன் வாத்தியார்

சித்தி கேட்டது நல்ல கேள்வி. கரும்புச் சாறோடு முடித்திருக்கக் கூடாது தம்பி.

1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து சிப்பாய்கள் டெல்லிக்கு வந்து செங்கோட்டையில் நுழைந்தபோது ஜஃபருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஆட்சி என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த உதவித்தொகை, கோட்டைச் சுவர், கவிதை, இவ்வளவுதான். வந்தவர்கள் தலைமை ஏற்கச் சொன்னார்கள். தயங்கினார், அப்புறம் ஏற்றார். செப்டம்பரில் டெல்லி விழுந்ததும் குடும்பத்தோடு ஹுமாயூன் கல்லறைக்குப் போய் ஒளிந்துகொண்டார். ஹாட்சன் என்ற குதிரைப்படை அதிகாரி, சரணடைந்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்து, செப்டம்பர் 21 அன்று அவரைப் பிடித்து வந்தார். மறுநாள் அதே ஆள், ஜஃபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் பிடித்து, நகர வாசலருகே உடுப்பைக் களையச் சொல்லித் தன் கையாலேயே சுட்டார். அந்த வாசலை இன்றும் கூனி தர்வாஸா, அதாவது ரத்த வாசல், என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, சித்தியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த வாக்குறுதிதான். கிழவரை முடித்திருக்கலாமே என்று ஆங்கிலேயர் பலர் பொருமினார்கள். கொடுத்த வாக்கை மீற முடியவில்லை.

வழக்கு 1858 ஜனவரி 27 அன்று தொடங்கி மார்ச் 9 அன்று முடிந்தது. நடந்த இடம் எது தெரியுமா? திவானி காஸ். அவருடைய சொந்தத் தர்பார் மண்டபம். உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து ராணுவ அதிகாரிகள். நீதிபதி என்று யாரும் இல்லை. ராஜத் துரோகம், கலகம், கொலை என்று குற்றச்சாட்டுகள். ஜஃபர் பாதி நேரம் தூங்கி வழிந்தார். சில நாள் சால்வையைத் தலையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். எல்லாக் குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு.

இதில் ஒரு சங்கதி. 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தவர் ஷா ஆலம், ஜஃபரின் தாத்தா. 1835 வரை கம்பெனி அடித்த நாணயத்தில் முகலாயப் பாதுஷாவின் பெயர் இருந்தது. சட்டப்படி பார்த்தால் கம்பெனிதான் பாதுஷாவின் ஊழியன். அப்படியானால் யார் யாருக்குத் துரோகம் செய்தது?

அத்தோக்கடை (சென்னை)

வாத்தியாரே, இதைச் சுருக்கமாகச் சொன்னால்: குத்தகைக்காரன் வீட்டுக்காரரை வீட்டைவிட்டுக் காலி செய்யச் சொல்லி, அதே வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து வைத்து, அவருக்கே அபராதமும் போட்டான். சரிதானே? 🙂

தட்டோன் வாத்தியார்

சரிதான். பாட்டியாலாவிலும் பஞ்சாப்பிலும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து போட்டான் என்பதையும் சேர்த்துக்கொள். டெல்லியைத் திரும்பப் பிடித்த படையில் வெள்ளைக்காரன் மட்டும் இல்லை. சீக்கியர், பட்டாணியர், கூர்க்காக்கள் எல்லாரும் இருந்தார்கள். ரெண்டு பக்கமும் நம்ம மண்ணின் ஆட்கள். அதனால்தான் இதை வெறும் அன்னியன் போர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பாதி உள்நாட்டுப் போர்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

வாத்தியாருக்கு என் ஸலாம். ஆனால் "உள்நாட்டுப் போர்" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கூலிக்கு வந்தவன் இருந்தான் என்பதற்காகப் போரின் பெயர் மாறிவிடுமா?

தட்டோன் வாத்தியார்

நானா, கூலிப் பேச்சு வேண்டாம், நமக்கே சுடும். 1857-ல் கம்பெனியின் வங்காளப் படை கலகத்தில் கிளம்பியபோது மதராஸ் படை பெரும்பாலும் அசையவே இல்லை. அந்த மதராஸ் படையில் இருந்தவர்கள் யார்? தமிழரும் தெலுங்கரும். 1852-ல் ரங்கூனைப் பிடித்ததிலும் மதராஸ் ரெஜிமெண்டுகள் இருந்தன. நம் ஆட்கள் பர்மாவுக்கு வந்த வரலாற்றை எழுதினால் வட்டிக்கடையும் நெல் அறுவடையும் மட்டும் போதாது, துப்பாக்கியோடு வந்தவர்களையும் எழுத வேண்டும்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

அதை மறுக்கவில்லை. என் தாயார் வழிப் பாட்டனாரே மதராஸ் பட்டாளத்தோடு வந்த ஒரு சமையல்காரரின் பேரன் என்று வீட்டில் சொல்வார்கள். சரி, வார்த்தைச் சண்டையை விடுவோம். மொகல்தெருத் தம்பிக்குத் தர்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வருஷா வருஷம் அங்கே உரூஸுக்கு (நினைவு நாள் விழாவுக்கு)த் தேக்சா, அதாவது பெரிய சமையல் அண்டா, தூக்குகிறவன் நான்.

1858 அக்டோபர் 7 விடியலில் டெல்லியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். டிசம்பரில் கப்பல் ரங்கூன் வந்தது. அப்போது இது ஆங்கிலேயர் கைக்கு வந்து ஆறு வருஷம்தான். பாதி ஊர் சேறு, இப்போது நாம் நடக்கிற நேர்க்கோட்டுத் தெருக்கள் அப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருந்தன. ஸ்வேடகான் பக்கத்துப் பட்டாளக் காவலுக்கு அருகில் ஒரு மர வீடு. நாலு அறை, ஒவ்வொன்றும் 16 அடிக்கு 16 அடி. ஒன்றில் பாதுஷா, ஒன்றில் அவர் மனைவி ஜீனத் மஹல் பேகம், மற்ற ரெண்டில் மகன்கள் குடும்பம். காவல் அதிகாரி நெல்சன் டேவிஸ். சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்குச் சராசரி 11 ரூபாய் என்று மேலிடத்துக்குக் கணக்கு எழுதினார். மொகலாய சாம்ராஜ்யத்தின் கடைசிக் கணக்குப் புத்தகம் அதுதான்.

பேனா, மை, காகிதம் மூன்றும் தடை. கவிஞருக்கு அதைவிடப் பெரிய விலங்கு வேறு எது?

1862 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு மௌத், உயிர் பிரிந்தது. அன்று மாலை நாலு மணிக்கே அடக்கம் முடிந்துவிட்டது. செங்கல் கட்டிய குழி, மேலே தரையோடு தரையாகப் புல்தரை. சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு மூங்கில் வேலி. அந்த வேலி மக்கிப் போகும்போது புல் முழுக்க மூடியிருக்கும், இடம் எது என்று யாருக்கும் தெரியாது, இப்படி டேவிஸே எழுதிவைத்தார். திட்டம் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

மொகல்தெருப் பையன் (யாங்கோன்)

நானா, அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவர் ரங்கூனில் எழுதியதாக ஒரு கஜல் சுற்றுகிறதே, புதைக்க ரெண்டு கஜம் மண்கூடச் சொந்த ஊரில் கிடைக்கவில்லை என்று. தர்காவில் சித்திக்கு அதைத்தான் சொன்னேன்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

அந்தக் கவிதை அவருடையதே இல்லை என்று அறிஞர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள் தம்பி. காகிதம் இல்லாதவர் எங்கே எழுதினார் என்று கேட்டால், கரித்துண்டால் சுவரில் எழுதினார் என்று ஒரு கதை வரும். நானும் சின்ன வயதில் அதை நம்பி அழுதவன்தான். கதை நன்றாக இருக்கிறது. உண்மை வேறு.

கண்டுபிடித்த கதை: ரங்கூன் முஸ்லிம்கள் விடாமல் மனுப்போட்டு, 1907-ல் ஒரு கல்வெட்டு வந்தது. அதிலும் "இந்த இடத்துக்கு அருகில்" புதைக்கப்பட்டார் என்றுதான் போட்டார்கள், இதே இடம் என்று இல்லை. 1991 பிப்ரவரியில் புதுக் கட்டடத்துக்காக வாய்க்கால் தோண்டிய ஆட்கள் 3.5 அடி ஆழத்தில் செங்கல் கட்டைத் தட்டினார்கள். அதுதான் நீங்கள் இறங்கிப் பார்த்த நிலவறை. அதுவரை நாங்கள் போர்வை போர்த்திக்கொண்டிருந்தது மேலே இருந்த இடத்துக்கு.

வேலூர்க்காரி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அப்பா மௌல்மேனில் பிறந்தவர், நான் பிறந்தது வேலூர். எங்கள் ஊரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. பள்ளிக்கூடத்தில் இருந்து வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள், வெயிலில் மயக்கமாக வரும், ராஜாவைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லமாட்டார்கள்.

அவர் கதையும் இதே அச்சுத்தான். மதுரை நாயக்கர் வழி உறவு, பிறந்த பெயர் கண்ணுசாமி. சொந்தப் பிரதானிகளே எதிர்ப் பக்கம் போய்விட்டார்கள். 1815 பிப்ரவரி 18 அன்று மலைக்காட்டு வீடொன்றில் ஒளிந்திருந்தவரைப் பிடித்தார்கள், பிடிக்க முன்னால் நின்றவர்கள் கண்டி ஆட்களே. அடுத்த வருஷம் வேலூர்க் கோட்டை. 1832 ஜனவரியில் இறக்கும் வரை திரும்பவே இல்லை. காட்டிக்கொடுத்த பெரிய பிரதானி எஹெலபொலவை ஆங்கிலேயரே பின்னால் மொரீஷியஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் அங்கேயே மண்ணானார்.

கண்டி ராஜா வேலூரில், டெல்லி பாதுஷா ரங்கூனில், பர்மாவின் கடைசி ராஜா தீபோ ரத்னகிரியில். யாரையும் அவரவர் பேச்சுப் புரியும் ஊரில் வைக்கவில்லை, கவனித்தீர்களா?

அத்தோக்கடை (சென்னை)

தீபோவைச் சில மாதம் மதராஸில் வைத்திருந்தார்கள், தெரியுமா? 1885 நவம்பர் கடைசியில் மாந்தலேயில் பிடித்து, அரண்மனையிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி, ஐராவதியில் நீராவிப் படகு. அழுத ஜனம் ஆற்றங்கரை வரை. டிசம்பரில் மதராஸ், அடுத்த ஏப்ரலில் ரத்னகிரி. முப்பது வருஷம். 1916 டிசம்பரில் அங்கேயே முடிந்தார். நம் ஆட்கள் பர்மாவுக்குப் போன அதே கடலில் அவர் எதிர்த்திசையில் வந்திருக்கிறார்.

(இதைச் சொல்லும்போது தாத்தா ஞாபகம். 1964-ல் மற்ற இந்தியர்களோடு ரங்கூனை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தபோது துறைமுகத்தில் அவர் காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். சாகும்வரை காது மடலைத் தடவிக்கொண்டே இருப்பார். ராஜாவுக்கு மட்டும்தான் நாடு கடத்தலா?)

வேலூர்க்காரி

கடுக்கன் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. எங்களுக்கு மூக்குத்தி.

விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பில் கேட்ட கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். மருது சகோதரர்களை 1801-ல் திருப்பத்தூரில். என்ன ஆச்சு? கதைப் பாடல் ஆச்சு, கும்மி ஆச்சு, கோயில் ஆச்சு. ஆனால் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் இன்னும் 70க்கும் மேற்பட்டவர்களையும் பினாங்குக்குக் கப்பலேற்றினார்களே, அவர்களை யார் பாடினார்கள்? தூக்கிலிட்டால் பாட்டு வரும் என்று வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் பெரிய ராஜாக்களைப் பெரும்பாலும் கப்பலில்தான் ஏற்றினான்.

பெகுக்காரன் (இப்போது வர்ஜீனியா)

அருமையான இழை. வேலூர்க்காரி சொன்னதற்கு ஒரு எதிர் உதாரணம் வைக்கிறேன், என் வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. மன்றோ கோட்டை. சுற்றிலும் அகழி, நடுவில் கற்சுவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸை அடைத்த அறை அங்கே காட்சிக்கு இருக்கிறது.

1865 மே 10 அன்று ஜார்ஜியாவில் இர்வின்வில் பக்கத்தில் பிடிபட்டார். தலைக்கு 1,00,000 டாலர் பரிசு அறிவித்திருந்தார்கள். விடியற்காலையில் கூடாரத்திலிருந்து ஓடும்போது மனைவியின் மேலங்கியும் சால்வையும் மேலே கிடந்தன. அவ்வளவுதான், பாவாடை கட்டிக்கொண்டு ஓடினார் என்று வடக்குப் பத்திரிகைகளில் கேலிப்படமாக வந்து தள்ளியது. தோற்றவனை முதலில் சிரிப்புக்கிடமாக்கு, அப்புறம் சிறை.

கோட்டையில் பீரங்கி வைக்கிற குகை அறை. மே 23 அன்று கால்விலங்கு பூட்ட வந்த கொல்லனோடு மல்லுக்கு நின்றார், நாலு சிப்பாய்கள் அமுக்கிப் பிடித்துத்தான் பூட்டினார்கள். செய்தி வெளியே வந்ததும் வடக்கிலேயே முகம் சுளித்தார்கள். ஐந்தாறு நாளில் கழற்றிவிட்டார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரியும், காவலாளி அறைக்குள்ளேயே நடப்பான், தூக்கமே இல்லை. நான் போனபோது அந்த அறையில் நின்றேன். சன்னல் வழியாக அகழித் தண்ணீர் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

இனிதான் விஷயம். ரெண்டு வருஷம் அடைத்தும் வழக்கே நடத்தவில்லை. காரணம், வர்ஜீனியாவில் ஜூரி வைத்து நடத்தினால் விடுதலை ஆகிவிடுவாரோ என்று பயம். விடுதலை ஆனால், பிரிந்துபோனது சட்டப்படி சரிதான் என்று நீதிமன்றமே சொன்னதாகிவிடும். போரில் ஜெயித்ததை வழக்கில் தோற்பதா? 1867 மே மாதம் 1,00,000 டாலர் ஜாமீன். கையெழுத்துப் போட்டவர்களில் வடக்குப் பத்திரிகைக்காரர் ஹொரேஸ் கிரீலியும் ஒருவர். 1868 கிறிஸ்துமஸுக்குப் பொதுமன்னிப்பு, அடுத்த வருஷம் வழக்கு தள்ளுபடி. மனுஷர் 1889 வரை உயிரோடிருந்து தன் பக்க நியாயத்தை எழுதிக் குவித்தார்.

கம்பெனிக்கு அந்தப் பயம் இல்லை. ஜூரி இல்லை, நீதிபதி இல்லை, ஐந்து அதிகாரி போதும்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

தகவலுக்கு நன்றி தம்பி. ஆனால் எங்கள் பாதுஷாவை அந்த ஆளோடு ஒரே வரியில் நிறுத்தாதீர்கள். அவர் அடிமை வியாபாரத்தில் கொழுத்த மாநிலங்களுக்குத் தலைவர். அடிமைகளை விடமாட்டேன் என்று போர் செய்தவர். இவர் வாசலுக்கு வந்தவர்களை விரட்டத் தெம்பில்லாத கிழவர்.

பெகுக்காரன் (இப்போது வர்ஜீனியா)

நியாயம் ஒன்று என்று நான் சொல்லவில்லை நானா. ஜெயித்தவனின் தலைவலி ஒன்று என்றுதான் சொன்னேன். இங்கே அந்தத் தலைவலியால் வந்த கெடுதல் பெரிது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவருக்குச் சிலை வைத்தார்கள். விடுதலையான கறுப்பர்கள் கொஞ்ச காலம் ஓட்டுப் போட்டார்கள், அப்புறம் 1960கள் வரை தெற்கில் பெரும்பாலோரால் போட முடியவில்லை.

தட்டோன் வாத்தியார்

நானா, கிழவர் என்பதற்காக எல்லாவற்றையும் துடைத்துவிட முடியாது. மே மாதம் கோட்டைக்குள் அடைபட்டிருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 50 பேரை வெட்டினார்களே, அது அவர் அரண்மனையில் நடந்தது. வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. தடுக்க முடியாத ராஜா என்ன ராஜா? வழக்கு அநியாயம் என்று நூறு முறை சொல்வேன். அவருக்குப் பொறுப்பே இல்லை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

அதை நானும் மறைக்கமாட்டேன். உரூஸ் பேச்சில் ஒரு தடவை சொல்லப்போய், பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கிவிட்டார்.

ஆனால் வேலூர்த் தங்கச்சி சொன்னதில் ஒரு ஓட்டை. கப்பலில் ஏற்றினால் பாட்டு வராது என்கிறீர்கள். புல் முளைக்கட்டும் என்று விட்ட அந்த இடத்தில்தான் ஏழைபாழை எல்லாம் வந்து நேர்ச்சை வைத்தார்கள். பாதுஷா என்று யாரும் வருவதில்லை, வலியுல்லா, அதாவது இறைநேசர், என்றுதான் வருகிறார்கள். தம்பி பார்த்த அந்தப் பெண்மணிக்கு டெல்லி எந்தத் திசை என்று தெரிந்திருக்காது. 1943-ல் நேதாஜி வந்து இங்கே மரியாதை செய்தார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த தமிழ்ப் பையன்களை நீங்கள் எண்ணி முடிக்க முடியாது. 2006-ல் நம் ராமேஸ்வரத்துக் கலாம் வந்தபோது நான் வெளியே கூட்டத்தில் நின்றேன், வெள்ளை முடி மட்டும் தெரிந்தது.

வேலூர்க்காரி

ஒப்புக்கொள்கிறேன் நானா. எங்கள் கண்டி ராஜாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே நேர்ச்சை வைக்க யாரும் வருவதில்லை, ஆடுதான் வரும்.

மொகல்தெருப் பையன் (யாங்கோன்)

இதையெல்லாம் நேற்று ராத்திரி சித்திக்குப் படித்துக் காட்டினேன். குத்தகைக்காரன் கதை வந்ததும் சிரித்தார், 11 ரூபாய்க் கணக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "பதினோரு ரூபாய்ல எத்தனை பேர் சாப்பிட்டாங்க?" பதினாறு பேர் போல இருந்தார்கள் என்றேன். விரலை விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அந்தக் காலத்துக்குத் தாராளம்தான். ஆனா எழுதக் காகிதம் கொடுத்திருக்கலாம்" என்றார்.

காலையில் அவரே கிளம்பி நின்றார். தீபோவின் ராணி சுபயாலத் 1919-ல் ரங்கூனுக்குத் திரும்ப அனுமதி கிடைத்து வந்து 1925-ல் இறந்தார் இல்லையா, அந்தச் சமாதி ஸ்வேடகான் அடிவாரத்தில் இருக்கிறது. ஜிவகா தெருவிலிருந்து ஒரு நடை தூரம். தர்காவில் அடங்கியிருக்கும் ஜீனத் மஹலும் சுபயாலத்தும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. வெள்ளைச் சுதை, மேலே கோபுரக் கூம்பு, வாசலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி முடிந்து வைத்திருந்த மல்லிகையை ரெண்டாகப் பிரித்தார். பாதியை இங்கே வைத்தார், பாதியை மறுபடி தர்காவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

நானா, இந்த வருஷம் உரூஸ் என்றைக்கு? தேக்சா தூக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

கப்பல்கார நானா (யாங்கோன்)

பிறை பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்னாள் ராத்திரியே வந்துவிடு, வெங்காயம் உரிக்கத்தான் ஆள் குறைச்சல். பழைய லோஞ்சி கட்டிக்கொண்டு வா.